கன்னு என்று கூப்பிட்ட நாய்க்குட்டி

எங்கள் மலையில் அருவிக்குப் போகிற ரோட்டில் நான் முடவாட்டுக்கால் சூப்புக் கடை வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாறையில் படர்ந்து கிடக்கும் ஒரு கிழங்கு அது. மேலே ரோமம் மாதிரி இருக்கும், பார்த்தால் ஆட்டுக்கால் என்றே தோன்றும். ஆட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அருவிப் படிகளில் இறங்கி ஏறியவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு என் கடை முன்னால் வந்து நிற்பார்கள். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும், இவருக்கு மிளகு தூக்கலாக வேண்டும், அந்த அம்மாவுக்கு மட்டாகப் போதும் என்று. கேட்க மாட்டேன், ஊற்றிக் கொடுத்துவிடுவேன். இதுவரை ஒருத்தரும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்ததில்லை. அதனால் சாப்பாட்டு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. உண்டு என்றே எழுதிக்கொள்கிறேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் எங்கள் மகன் அந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்தான். கோயமுத்தூரில் அவனோடு வேலை பார்க்கும் நண்பன் ஆசைப்பட்டு வாங்கியதாம். குடியிருந்த வீட்டின் உரிமையாளர், நாய் இருந்தால் நீ இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். கிரேட் டேன் என்று இனத்தின் பெயரைச் சொன்னான். மலை ஏறும் வளைவுகளில் அவன் மடி முழுக்க வாந்தி எடுத்துவிட்டு, காரிலிருந்து இறங்கியதும் தள்ளாடி நடந்து, எங்கள் வீட்டுக்காரரின் காலடியில் போய் உட்கார்ந்தது. அவர் கீழே பார்த்தார். அது மேலே பார்த்தது. அவ்வளவுதான், மனுஷன் கவிழ்ந்துவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பேச்சு குறைவு. மாடு, மிளகுக்கொடி, வெற்றிலை, இந்த மூன்றோடு அவர் உலகம் முடிந்தது. ஒருவர் மேல் பிரியம் வந்தால் அதை வாயால் சொல்ல அவருக்கு வராது, தட்டில் போடத்தான் வரும். மகன் ஊருக்கு வரும்போது பார்க்க வேண்டும். போதும் போதும் என்று அவன் இலைக்கு மேல் கையை விரித்தால், விரல் சந்து வழியாகக் குழம்பை ஊற்றுவார். எனக்குக் கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. ஆனால் எதுவும் சொல்லாமல் என் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்துவிட்டு எழுந்து போன ஆளை மறக்கவில்லை.

குட்டியை அவர் கண்ணு என்று கூப்பிட்டார். எங்கள் பக்கம் அது பெரிய விஷயமில்லை. தொட்டில் குழந்தையும் கண்ணுதான், மீசை முளைத்தவனும் கண்ணுதான். ஆனால் அந்தக் குட்டி வாராவாரம் வேட்டி நுனியிலிருந்து முட்டிக்கு, முட்டியிலிருந்து தொடைக்கு என்று ஏறிக்கொண்டிருந்தது. பாதம் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். வருகிறவர் போகிறவர் எல்லோரும், “அட, கன்னுக்குட்டியாட்டம்ல இருக்குது!” என்றார்கள். கன்னு என்றால் மாட்டுக்கன்று. எங்கள் வீட்டுக்காரர் வெற்றிலையை அதக்கிக்கொண்டு கூப்பிடும்போது மூன்று சுழி ண-வா இரண்டு சுழி ன-வா என்று கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நாளில் ஊரே கன்னு என்றது. அதுவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். ஒரு சுழி குறைந்ததற்காக யார் சண்டை போடுவார்கள்?

முதல் வாரமே யோசனைகள் வரிசை கட்டி வந்தன. பக்கத்துத் தோட்டத்து அக்கா, “பெரிய சாதி நாயிங்க, ராகிக்களி கிண்டிப் போடுங்க, எலும்பு கல்லாட்டம் ஆயிரும்” என்றாள். பால் ஊற்ற வருகிறவர் பச்சை முட்டை என்றார். இன்னொருவர் குச்சிக்கிழங்கை, அதான் மரவள்ளியை, வேகவைத்துப் பிசைந்து நெய் விடச் சொன்னார். நாய்க்கா, மாப்பிள்ளைக்கா என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் கறந்த பாலைச் சொம்போடு வைத்தார். குட்டி வயிறு முட்டக் குடித்தது. அடுத்த நாள் வாசல் முழுக்க நான் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பாலுக்கு அன்றோடு தடை போட்டேன்.

தடுப்பூசி போடச் செம்மேட்டில் இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாங்கள் அதை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வோம். அப்போது அங்கே இருந்தவர் ஒரு டாக்டரம்மா. குட்டியின் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

“இது வளர்ந்து முடிக்க ரொம்ப மாசம் ஆகும்ங்க. அவசரப்பட்டு ஊத வைக்காதீங்க. ஒடம்பு முந்திக்கும், எலும்பு தாங்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம், ஆனா கையில தடவுனா தெரியணும். மேல இருந்து பார்த்தா இடுப்பு உள்ள வாங்கியிருக்கணும்.”

பந்தல் கால் ஊன்றுவதற்கு முன்னால் பூசணியை ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “அப்படின்னா எது கொடுக்கறதுங்க?” என்று கேட்டேன். பெரிய இனத்துக் குட்டிகளுக்கென்றே தனியாகத் தீவனம் வருகிறது, அதில் கால்சியம் அளவோடு இருக்கும், அதைக் கொடுத்தால் மேற்கொண்டு எந்தச் சத்தும் சேர்க்கக் கூடாது என்றார். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்றால் கொடுக்கலாம், ஆனால் சோறும் களியும் மட்டும் போட்டால் சரிவராது, கறி, முட்டை, காய் எல்லாம் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும், கொஞ்சம் தப்பினாலும் எலும்பில்தான் காட்டும் என்றார். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவள் நான். வீட்டில் இருக்கிற மனுஷனுக்குக் கணக்கு ஆகாது. பாக்கெட் தீவனம்தான்.

முடிவு செய்வது சுலபம், வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மலையில் ஒரு தீவனக் கடையில் கேட்டேன். கோழித் தீவனத்துக்கும் புண்ணாக்குக்கும் நடுவில் வாய் பிரித்த மூட்டை ஒன்றிலிருந்து உருண்டை உருண்டையாக அள்ளிக் காட்டினார் கடைக்காரர்.

“பை எங்கீங்க?” என்றேன்.

“பை எதுக்குங்க? லூஸ்ல தாரேன்.”

“குட்டிக்கா, வளந்த நாய்க்கா இது?”

“எல்லா நாயும் தின்னுமுங்க.”

“எல்லா நாயும் தின்னும். எந்த நாய்க்கு ஆகும்னு கேக்கறனுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாய் நீளமான பொம்பளை என்று அந்தப் பக்கம் எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு, அன்றைக்கு அது இன்னும் ஒரு முழம் நீண்டிருக்கும். கீழே இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் விசாரித்து, கடைசியில் நாமக்கல்லில் ஒரு கடையில் பிடித்தேன். அங்கே ஒரு சுவர் முழுக்கப் பைகள். எல்லாப் பைக்கும் முன்பக்கம் ஒரே மாதிரி மினுமினுக்கிற நாய், எல்லாவற்றிலும் ஒரே சத்தியம். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். கடையில் விற்கிற எங்கள் சூப்புப் பொடி பாக்கெட்டுக்கு நானே பின்பக்கம் அச்சடித்தவள்தான், முன்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் போடலாம், பின்பக்கத்தில்தான் உள்ளே இருப்பதைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெரிய இனம் என்று இருக்கிறதா, குட்டி என்று இருக்கிறதா, இரண்டும் சேர்ந்து இருக்கிறதா. முதலில் எழுதியிருப்பது கறியா, மக்காச்சோளமா. கால்சியம் எவ்வளவு என்று போட்டிருக்கிறானா, மழுப்பியிருக்கிறானா. காலாவதி எப்போது. அரை நாள் ஆனது. கடைப் பையன்கள் தங்களுக்குள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், சரியான பையோடுதான் மலை ஏறினேன்.

அன்றிலிருந்து என் சூப்பு டம்ளர்தான் அளவு. பையில் போட்டிருந்த அட்டவணைப்படி காலை, மதியம், சாயங்காலம். மிச்சம் வைத்தால் எடுத்துவிடுவேன், நாள் முழுக்கத் தட்டு நிறைந்து கிடக்கிற வேலை கிடையாது. வாயசைக்க ஒரு துண்டு கேரட்டோ வேகவைத்த பூசணியோ போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வெந்த எலும்பு கூடவே கூடாது, அது பிளந்து குடலில் குத்தும். இதையெல்லாம் டாக்டரம்மா சொன்னபடி வீட்டில் அறிவித்தேன். எங்கள் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

குட்டி நன்றாக வளர்ந்தது. நீளமாக, ஒல்லியாக, முடி பளபளவென்று. எனக்குப் பார்க்கப் பார்க்கத் திருப்தி. ஊருக்கு அப்படி இல்லை. பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலியோரம் நின்று, “ஏனுங்க, கன்னு எளச்சுப் போச்சுங்களே” என்றாள். எளச்சுப் போச்சு என்ற வார்த்தையை வெளியூர்க்காரர்கள் சும்மா ஒரு விசாரிப்பு என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது விசாரிப்பு இல்லை. குழந்தையைப் பார்த்துச் சொன்னால் அது தாயைக் கேட்பது, மாட்டைப் பார்த்துச் சொன்னால் மாட்டுக்காரனைக் கேட்பது. உனக்குப் போட வக்கில்லையா என்பதை நாசூக்காகக் கேட்கிற வார்த்தை அது. “எளைக்கலீங்க, அதான் அதுக்கு அளவு” என்று நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் மேல் எதுவும் ஒட்டாது. எங்கள் வீட்டுக்காரர் மேல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அவர் அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகையிலிருந்து வெகுநேரம் மேலே வரவில்லை.

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கொட்டகையும் மிளகுத் தோட்டமும் கீழே, நல்ல சரிவு. அவர் காலையில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். குட்டியும் அவரோடு இறங்கும், அவரோடு ஏறும். எங்கள் மலைப் பகுதியான வாழவந்தி நாட்டில் சரிவில் நடக்க முடியாத ஜீவனுக்கு வேலை இல்லை, மனுஷனோ, ஆடோ, நாயோ. அதனால்தான் சில வாரம் கழித்து ஒரு காலை அது மேலே ஏறும்போது முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாகத் திரும்பி, மணிக்கட்டு வளைந்து நிற்பதைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டு நாள் கழித்து ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டது. வாலை ஆட்டியது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

“முடவாட்டுக்கால் சூப்பு குடுங்க, கால் தானா நேராயிரும்” என்று அக்கா வேலியோரம் நின்றபடியே சொன்னாள். “ஊருக்கெல்லாம் விக்கறீங்க, ஊட்டு நாய்க்குக் குடுக்க மாட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “சூப்புல வெங்காயமும் பூண்டும் அரைச்சுப் போடறனுங்க, நாய்க்கு அது விஷம். அதுவுமில்லாம வர்றவங்க முட்டி அலுத்துப்போய் வாராங்க. இது இன்னும் வளர்ந்தே முடியாத கால். ரெண்டும் ஒண்ணா?” என்றேன். என் சூப்பைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது, சளி பிடித்த தொண்டையை அது என்ன செய்யும் என்று குடித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் விற்கிற பொருளுக்காக வீட்டுப் பிள்ளையின் காலைப் பணயம் வைக்கிறவள் இல்லை நான்.

பைக்கில் அவர் ஓட்ட, நடுவில் குட்டியை மடியில் கிடத்திக்கொண்டு நான் உட்கார, மறுபடியும் மாட்டாஸ்பத்திரி. டாக்டரம்மா குட்டியை நடக்கவிட்டுப் பார்த்தார். மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். நாமக்கல்லுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். அதோடு திரும்பப் போனபோது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், “தீவனத்தோட வேற ஏதாவது சேக்கறீங்களா? கால்சியம் டானிக், மாத்திரை?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க” என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “நீங்க சொன்ன பைதான். டம்ளர் கணக்குதான். ஒரு உருண்டை அதிகமாப் போகாது.”

டாக்டரம்மா எக்ஸ்ரேயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் பின்னால் எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“தாது உப்புங்க,” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பசு கன்று போட்டால் கொடுப்பதற்காகக் கொட்டகையில் ஒரு மூட்டை தாது உப்பு எப்போதும் இருக்கும். சுண்ணாம்புச் சத்தும் மற்றதும் கலந்த வெள்ளைத் தூள். கறவை மாட்டுக்கும் வளர்கிற கன்றுக்கும் தவிட்டில் பிசைந்து வைப்போம். “தினம் காலையில கீழ வந்ததும் தவிட்டுல கலந்து ஒரு புடி,” என்றார். கையைக் கொஞ்சமாக விரித்துக் காட்டினார். அவர் கை சின்னக் கை இல்லை. “கன்னுக்குப் போடறதுதானுங்களே. நல்லா எலும்பு புடிக்குமேன்னு... எளச்சுப் போச்சு, எளச்சுப் போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

கன்னு கன்னு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கன்றுக்குட்டியாகவே நினைத்து வளர்த்திருக்கிறார். இந்த மலையைத் தவிர வேறு எங்கே ஒரு நாய் கறவை மாட்டின் சத்து மருந்தைத் தின்று வளரும்?

டாக்டரம்மா கோபப்படவில்லை. சின்ன நாயாக இருந்தால் கூடுதலானதை உடம்பு எப்படியோ சமாளித்திருக்கும், இந்த இனத்துக் குட்டிக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, அத்தனையும் எலும்பில் போய் உட்காரும், எலும்பு வளர்கிற முறையே கோணிப்போகும் என்று பொறுமையாகச் சொன்னார். இன்றோடு உப்பை நிறுத்த வேண்டும். தீவனம் மட்டும், அதுவும் இன்னும் கொஞ்சம் குறைவாக. எடை ஏறவே கூடாது. குதிக்கக் கூடாது, படி, சரிவு எதிலும் இறக்கக் கூடாது. வளர்கிற வயசு என்பதால் நேராக வாய்ப்பிருக்கிறது, ஆனால் சத்தியம் செய்ய முடியாது என்றார்.

“நேராகலேன்னா?” என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

“இதோட முழு எடைக்கு அந்தக் கால் தாங்காதுங்க. வலியோடதான் நிக்கும். மலையில வெச்சுக்கறது கஷ்டம்.”

வாசலுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். “அரை நாள் நின்னு பையில இருக்கற எழுத்தைப் படிச்சு வாங்கிட்டு வாரேன். நீங்க பின்னாலயே மூட்டையைப் பிரிச்சு அள்ளிப் போடுவீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” நான் பைக்கில் ஏறியதும் அவர் குட்டியைத் தூக்கி என் மடியில் வைத்தார். அதன் முன்னங்காலை ஒரு தடவை மட்டும் தொட்டுவிட்டு, சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட வரவில்லை.

அன்றிலிருந்து அவர் குட்டியின் தட்டுப் பக்கமே வரவில்லை. “நீயே வெய்யி புள்ள” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விடுவார். கண்ணு என்றும் கூப்பிடவில்லை, கன்னு என்றும் கூப்பிடவில்லை. குட்டியோ வாசலில் கட்டிப்போட்ட இடத்தில் கிடந்தபடி அவர் போன சரிவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் டம்ளரில் அளந்து தட்டில் கொட்டினால், முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வேளையும் அப்படித்தான். கொஞ்சம் கோழிச் சாற்றை விட்டுக் கலக்கினேன். சாற்றை மட்டும் நக்கியது.

எனக்கு இது பிடிக்கவில்லை. ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்துப் பசியைச் சொன்னவள் நான், ஒரு நாய்க்குட்டி என்னிடம் சாப்பிட மாட்டேன் என்கிறது. குறைவாகக் கொடுப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. எடை ஏறாமல் இருப்பது நல்லதுதான், எலும்பும் தோலுமாக ஆவது நல்லதில்லை. மறுநாள் காலை டம்ளரையும் தீவனப் பையையும் தூக்கிக்கொண்டு நானே சரிவில் இறங்கினேன். அவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“ஏனுங்க, இந்தாங்க” என்று டம்ளரை நீட்டினேன்.

“எங் கை வேண்டாம்” என்றார்.

“அதுக்கு உங்க கைதான் வேணுமாம். எங் கையில திங்க மாட்டேங்குது. நான் என்ன பண்றது?”

அவர் டம்ளரைப் பார்த்தார். வாங்கவில்லை. “எனக்கு அளவு தெரியாது புள்ள.”

“அதுக்குத்தான் டம்ளர். குவிச்சு அளக்காதீங்க, தலைதட்டி அளங்க. அவ்வளவுதான்.”

இதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், அவரிடம் நான் கேட்பது லேசான விஷயம் இல்லை. எங்கள் ஊரில் சாமையோ மிளகோ யாருக்கு அளந்து கொடுத்தாலும் படி மேலே கோபுரமாகக் குவிந்து, சரிந்து கொட்டக் கொட்டத்தான் கொடுப்பார்கள். விரலால் வழித்துத் தலைதட்டி அளப்பது வியாபாரிக்கு. சொந்தக்காரனுக்குத் தலைதட்டி அளந்தால் அது அவமரியாதை, அதோடு உறவே அறுந்து போகும். அவர் வாழ்க்கையில் யாருக்கும் தலைதட்டிக் கொடுத்தவர் இல்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபமும் அதனால்தான், அவர் மேல் எனக்கு இருக்கிற பிரியமும் அதனால்தான்.

அவர் மேலே ஏறி வந்தார். பையில் டம்ளரை விட்டு அள்ளினார். குவிந்து வந்தது. ஆள்காட்டி விரலை விளிம்பில் வைத்து, கண்ணை மூடாத குறையாக, வழித்தார். மேலே இருந்த உருண்டைகள் திரும்பப் பைக்குள் விழுந்தன. தட்டில் கொட்டினார். குட்டி ஒரு உருண்டை விடாமல் தின்றது. தின்றுவிட்டுத் தட்டை நக்கி, அவரை நிமிர்ந்து பார்த்தது. இன்னும் வேண்டும் என்பதற்கு எந்த மொழியும் தேவையில்லை. அவர் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். கட்டிய முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி உள்ளே போனேன்.

அதற்குப் பிறகு அவருடைய கண்டிப்பைப் பார்க்க வேண்டும். என்னையே மிஞ்சிவிட்டார். கோயில் கிடாவெட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் எலும்பைத் தூக்கிக் குட்டி பக்கம் போட, இவர் பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து ஓடிப்போய் எடுத்தார். அக்கா வேலியோரம் நின்று எளச்சுப் போச்சு என்றபோது, “ஆமாங்க, எளைக்கத்தான் வெச்சிருக்கேன்” என்றார். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அந்த அக்காவிடம் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தாது உப்பு மூட்டையை ஒரு ஆள் உயரப் பரணில் ஏற்றி வைத்தார்.

ஆனால் குட்டி அவர் இல்லாமல் மேலே கிடக்க மாட்டேன் என்று ஊளையிட்டது. சரிவில் விடவும் கூடாது. எனவே அவர் அதைத் தூக்கினார். சந்தைக்கு ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோவது போல, கழுத்தைச் சுற்றிப் போட்டு, முன்னங்கால் இரண்டையும் ஒரு கையிலும் பின்னங்கால் இரண்டையும் ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, காலையில் இறங்கினார், மதியம் ஏறினார். கீழே கொட்டகையில் வைக்கோல் பரப்பிச் சமதரையில் கிடத்தினார். குட்டி குட்டியாகவே நிற்குமா? தலைதட்டி அளந்தாலும் அது கிரேட் டேன். நாளாக ஆக அதன் பின்னங்கால்கள் அவர் இடுப்புக்குக் கீழே தொங்கின. மேலே ஏறும்போது யார் யாரைத் தூக்குகிறார்கள் என்று தெரியாது. ராத்திரி அவருக்கு நான் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். “எறக்கி உட்டா என்னங்க, கொஞ்ச தூரம்தானே” என்று நானே ஒரு நாள் கேட்டேன். “டாக்டரம்மா சொல்லட்டும்” என்றார். எனக்குத் தினம் பயமாக இருந்தது. கால் நேராகாமல் போனால் குட்டியைக் கீழே யாருக்காவது கொடுக்க வேண்டிவரும், அதன் பிறகு இந்த மனுஷன் எழுந்து நடமாடுவாரா என்று பயமாக இருந்தது.

டாக்டரம்மா மாதாமாதம் பார்த்தார். தீவனத்தைக் குறைக்கச் சொன்னார், பிறகு கொஞ்சம் ஏற்றச் சொன்னார். கடைசியாகப் போனபோது புது எக்ஸ்ரேயைப் பழையதோடு வைத்துப் பார்த்துவிட்டு, “இடது கால் லேசா வெளியதான் நிக்கும், அது போகாது. ஆனா எலும்பு நல்லா இருக்கு. வலி இருக்காது. மெதுவா நடக்க உடுங்க, சரிவுலயும்” என்றார். இதே தீவனம், இதே அளவு, வளர்ந்து முடிக்கிற வரைக்கும் என்றார். நான் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன் என்று சொல்வேன், நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுக்காரரும் நம்பவில்லை. டாக்டரம்மா சொன்ன பிறகும் அவர் தூக்குவதை நிறுத்தவில்லை. “நாளைக்குப் பாக்கலாம்” என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். நான் கடைக்குக் கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஒரு காலை, அவர் வழக்கம்போலத் தலைதட்டி அளந்து வைத்து, அது தின்று முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, சரிவின் விளிம்புக்குப் போய் மண்டியிட்டுக் குனிந்தார். இரண்டு கையையும் பின்னால் விரித்தார். குட்டி வந்தது. அவர் முதுகை முகர்ந்தது. அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், இடது காலைக் கொஞ்சம் வெளியே வைத்து, நிதானமாகச் சரிவில் இறங்கியது. உட்காரவில்லை, தடுமாறவில்லை. மிளகுக்கொடி ஏற்றிய முதல் மரம் வரை போய் நின்று, திரும்பிப் பார்த்துக் குரைத்தது.

அவர் கையை விரித்தபடியே மண்டியிட்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தபோது முகம் முழுக்கச் சிரிப்பும் கண் முழுக்கத் தண்ணீருமாக இருந்தது.

“இனிமே நான் அதுக்கு என்ன செய்யறது புள்ள?” என்று கேட்டார்.

கிழங்கு சீவுகிற கத்தியாலேயே நான் சரிவைக் காட்டினேன். குட்டி மறுபடியும் குரைத்தது. அவர் கையைத் தரையில் ஊன்றி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேய்ந்த முட்டியோடு அதன் பின்னால் இறங்கி ஓடினார்.